சுவர் எழும்பும் முன் காற்றைக் காண்பது

சில ஆண்டுகளுக்கு முன், திறந்து ஆறு மாதமே ஆகியிருந்த ஒரு வேதியியல் ஆய்வகத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். அங்கே பணிபுரிந்த இளம் பெண் ஆராய்ச்சியாளர் ஒருவர், பிற்பகலானால் கரைப்பான் வாடை மூக்கை எட்டுகிறது, மாலைக்குள் தலை கனத்துவிடுகிறது என்று நிர்வாகத்துக்குப் பலமுறை எழுதிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அவருக்குக் கிடைத்தது ஒரே பதில்தான்: ஃபியூம் ஹூட்டின், அதாவது நச்சாவியை இழுத்து வெளியேற்றும் பெட்டியின், முகப்பில் காற்று நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போகிறது, அதற்குச் சான்றிதழ் இருக்கிறது, எனவே வாடை வெளியே வர வழியில்லை. சான்றிதழில் பொய் ஏதும் இருக்கவில்லை. நானும் அளந்து பார்த்தேன். சராசரி வேகம் அதேதான். ஆனால் வெண்புகை விடும் சிறு சோதனைக் கண்ணாடிக் குழாய் ஒன்றின் முனையை முறித்து, அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், கண்ணாடிக் கதவின் கீழ்விளிம்புக்கு அருகே பிடித்தபோது, வெண்புகை உள்ளே போவதும் திரும்பி வருவதுமாகத் தயங்கி, பின் ஒரு சுருளாக அவருடைய முகவாய் உயரத்துக்கு எழுந்தது.

காரணம் தலைக்கு மேலே இருந்தது. பெட்டியின் முகப்பிலிருந்து இரண்டடி தூரத்தில், கூரையில், நான்கு பக்கமும் காற்றை வீசும் சதுர டிஃப்யூசர் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து புறப்பட்ட குளிர்காற்று கூரையை ஒட்டியே ஓடி, பெட்டியின் மேல்முகப்பில் மோதி, அப்படியே கீழே சரிந்து, ஆய்வாளரின் கைகள் நுழையும் வாசலைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. முகப்பின் குறுக்கே அந்தக் காற்றின் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். உள்ளே இழுக்கும் காற்றும் குறுக்கே பாயும் காற்றும் ஏறத்தாழச் சம வலிமையுடன் மோதும் இடத்தில் அந்தப் பெண் நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் நின்றிருந்தார். டிஃப்யூசரை நகர்த்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதற்கு எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. நகர்த்துவதற்கு ஐந்து வாரம் ஆனது. பொய்க்கூரைக்கு மேலே தீயணைப்புக் குழாய்களும் கேபிள் தட்டுகளும் வாயுக் குழாய்களும் இடம்பிடித்துவிட்டதால், டக்ட் எனும் காற்றுக்குழாய் ஒன்றைத் திருப்ப மூன்று வேறு ஒப்பந்ததாரர்களின் வேலையைப் பிரிக்க வேண்டியிருந்தது. கட்டுமானத்துக்கு முன்பாக இருந்திருந்தால், வரைபடத்தில் ஒரு சிறு சதுரத்தை நகர்த்தும் வேலையாக அது முடிந்திருக்கும்.

குளிரூட்டலும் காற்றோட்டமும் வடிவமைப்பதே என் தொழில். அந்த ஐந்து வாரத்துக்குப் பிறகு, ஆய்வகங்களின் காற்றோட்ட வரைபடத்தைச் சோதித்துப் பார்க்காமல் கட்டுமானத்துக்கு அனுப்புவது சரியில்லை என்ற முடிவுக்கு வந்தேன். எங்கள் வரைபடங்களில் காற்றை அம்புக்குறியால் காட்டுகிறோம். வெளியிலிருந்து வரும் காற்றுக்கு நீல அம்பு, வெளியேறும் காற்றுக்குச் சிவப்பு அம்பு. அந்த அம்பு குழாய்க்குள் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சரியாகவே சொல்கிறது. குழாயை விட்டு அறைக்குள் வந்த பின் காற்று என்ன செய்யும் என்பதை அது சொல்வதில்லை. அங்கே அது வரைந்தவரின் விருப்பம் மட்டுமே. அறைக்குள் நிற்கும் மனிதருக்கு நேர்வதெல்லாம் அந்த இரண்டாம் பகுதியில்தான் நேர்கிறது.

ஃபியூம் ஹூட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவுள்ள ஒரு பெரிய பெட்டி அது. நச்சாவி வரும் வேலைகளை அதற்குள் வைத்துச் செய்வார்கள். பெட்டியின் மேற்புறத்திலிருந்து ஒரு விசிறி காற்றை இழுத்து மாடிக்கு மேலே விடும். கதவுக்குக் கீழே இருக்கும் திறப்பின் வழியே அறைக்காற்று உள்ளே போவதால் ஆவி வெளியே வராது என்பது எண்ணம். அந்த முகப்பு வேகம் நொடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டர் வரை இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. வேகத்தைக் கூட்டினால் பாதுகாப்பும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. பெட்டிக்கு முன் ஒருவர் நிற்கும்போது, காற்று அவருடைய உடலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது. ஆற்றுநீர் பாலத்தின் தூணைக் கடந்தபின் அதன் மறுபுறத்தில் சுழி போடுவதைப் போல, அவருடைய மார்புக்கும் பெட்டியின் வாசலுக்கும் நடுவே ஒரு சுழல் உருவாகிறது. வேகம் கூடக்கூட அந்தச் சுழலும் வலுக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் ஆவியை அது மூச்சு விடும் உயரத்துக்கு இழுத்து வரவும் கூடும். மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகமே நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல். முகப்பு வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் ஒருவர் பெட்டிக்கு அருகே கடந்து போனால் என்ன ஆகும் என்பதை எந்த அம்புக்குறியும் காட்டாது.

இதை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களில் நௌல்டன் கேப்லன், கெர்ஹார்டு நட்சன் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் முக்கியமானவர்கள். 1978-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பெட்டி ஆவியைத் தடுத்து நிறுத்துகிறதா என்பது பெட்டியின் முகப்பு வேகத்தை மட்டும் பொறுத்ததில்லை என்றும், அறைக்குள் காற்று எப்படி, எந்த வேகத்தில் வந்து விழுகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்றும் காட்டியது. அவர்களுடைய முறையை அடிப்படையாகக் கொண்டு 1985-இல் ஆஷ்ரே எனப்படும் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் ஆஷ்ரே 110 என்ற சோதனைத் தரம் உருவானது. 1995-இலும் 2016-இலும் அது திருத்தப்பட்டது. சோதனை எளிமையானது, ஆனால் கறாரானது. பெட்டிக்குள் ஒரு குழாயிலிருந்து சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயுவை நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் விடுவார்கள். வெளியே மனித உருவப் பொம்மை ஒன்று நிற்கும். அதன் மூக்கருகே உணர்கருவி இருக்கும். இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் ஐந்தைந்து நிமிடம் அளப்பார்கள். ஆய்வகத்தில் பொருத்திய பெட்டிக்கு அமெரிக்காவில் வழக்கமாக ஏற்கப்படும் வரம்பு 0.1 பிபிஎம், அதாவது ஒரு கோடி பங்கில் ஒரு பங்கு. தொழிற்சாலையிலேயே சோதிக்கும்போது அதில் பாதி. ஐரோப்பியத் தரமான ஈஎன் 14175 இன்னொரு படி மேலே போய், ஆள் உயரப் பலகை ஒன்றை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பெட்டியின் முன்னால் இங்குமங்கும் நகர்த்தி, அப்போதும் வாயு வெளியே வருகிறதா என்று பார்க்கிறது. நடந்து போகும் மனிதருக்குப் பதிலாக அந்தப் பலகை.

இந்தச் சோதனைகள் எல்லாம் பெட்டி வந்த பின்பும் அறை முடிந்த பின்பும் செய்பவை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அறையே இல்லாதபோது எதைச் சோதிப்பது? இந்தக் கேள்விக்கு விடையாக இருப்பது முழு அளவு மாதிரி அறை, எங்கள் பேச்சில் மாக்-அப். பதினான்கு ஃபியூம் ஹூட்டுகள் வரவிருந்த ஓர் ஆய்வகத்துக்காக, அம்பத்தூர் பக்கம் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து, ப்ளைவுட் பலகைகளால் அதன் ஒரு பகுதியை மட்டும் உண்மையான அளவில் கட்டினோம். நீளம் 6.6 மீட்டர், அகலம் 6 மீட்டர், உயரம் 2.8 மீட்டர். சுவர் வண்ணமும் தரையும் காற்றுக்கு முக்கியமில்லை என்பதால் அவற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் பெட்டிகள் உண்மையானவை. தயாரிப்பாளர் இரண்டை இரவல் தந்திருந்தார். டிஃப்யூசர்களும் வரைபடத்தில் குறித்த அதே வகை. மேசைகளைப் பலகையில் செய்து, அவற்றின் மேல் காலி அட்டைப் பெட்டிகளைக் கருவிகளின் அளவுக்கு வெட்டி வைத்தோம். மனிதர்கள் வெளியிடும் வெப்பத்துக்காகத் தகர உருளைகளுக்குள் நூறு வாட் குண்டு பல்புகளை எரியவிட்டோம். ஒருவர் அமைதியாக நின்று வேலை செய்யும்போது அவருடைய உடல் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

புகைக்காக, மேடை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடும் புகை எந்திரத்தைக் கொண்டுவந்தோம். அதிலிருந்து வரும் புகை சூடானது என்பதால் மேலே எழும்பி ஏமாற்றும். எனவே பனிக்கட்டி நிரப்பிய ஒரு டிரம்மின் வழியே செலுத்திக் குளிரவைத்த பின்பே அறைக்குள் விட்டோம். டிஃப்யூசர் வழியாகப் புகை வரத் தொடங்கியதும், மூன்று மாதம் நாங்கள் தாளில் பேசிக்கொண்டிருந்த காற்று கண்ணுக்குத் தெரிந்தது. சுவரோரம் வைத்த டிஃப்யூசர் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. அறையின் நடுவில் நாங்கள் மிகுந்த நம்பிக்கையோடு வைத்ததுதான், எதிரெதிரே நின்ற இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஒரு நீண்ட உருளையைப் போலக் காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, சிறுதுளைகள் நிறைந்த அகலமான தகடு வழியே மெதுவாகக் காற்று இறங்கும் வகையைப் போட்டு, தொண்ணூறு சென்டிமீட்டர் தள்ளியும் வைத்தோம். முகப்பின் குறுக்கே வேகம் 0.3-இலிருந்து 0.15-க்கு இறங்கியது. குறுக்குக் காற்று முகப்பு வேகத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தினால்தான் எனக்கு மனநிறைவு.

அந்த மாதிரி அறையைக் கட்டிய தச்சர் அதிகம் பேசாத, வேலையில் மட்டும் கண்ணாக இருந்த மனிதர். இரண்டாம் நாள் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கு அருகே கடந்தவர் நின்று, “சார், நான் போனா புகை என் பின்னாடியே வருது, பாத்தீங்களா?” என்றார். ஐரோப்பியத் தரத்தின் நகரும் பலகை எதற்காக இருக்கிறதோ அதையே அவர் செய்து காட்டியிருந்தார். “அண்ணே, இன்னும் நாலு தடவை அதே மாதிரி நடங்க” என்று கேட்டு, வெவ்வேறு தூரத்தில் நடக்கவைத்துப் பார்த்தோம். பெட்டியிலிருந்து ஒரு மீட்டருக்குள் நடந்தால் ஒவ்வொரு முறையும் புகை வாசலைத் தாண்டியது. ஒன்றரை மீட்டருக்கு அப்பால் நடந்தபோது தாண்டவில்லை. மறுநாளே கட்டடக் கலைஞரிடம் பேசி, பெட்டிகளின் முன்னால் இருந்த நடைபாதையைக் கதவை நோக்கிய பொதுவழியிலிருந்து பிரித்தோம். வரைபடத்தில் அது ஒரு மேசையைத் திருப்பிப் போடும் மாற்றம்.

முழு அளவில்தான் கட்ட வேண்டுமா, சிறிய பொம்மை அறை ஒன்றைச் செய்து பார்க்கக்கூடாதா என்று வாடிக்கையாளர்கள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். அறைக்காற்றில் இரண்டு விசைகள் போட்டியிடுகின்றன: டிஃப்யூசரிலிருந்து வரும் உந்தமும், குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் கீழே விழும் போக்கும். பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, வெப்பநிலை வேறுபாட்டை மாற்றாமல், இவ்விரண்டின் விகிதத்தை மட்டும் காப்பாற்ற வேண்டுமானால் காற்றின் வேகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். நீளமும் குறைந்து வேகமும் குறைந்ததால், காற்று கொந்தளிக்குமா சீராக ஓடுமா என்பதைத் தீர்மானிக்கும் ரெனால்ட்ஸ் எண் முப்பது மடங்குக்கு மேல் சரிந்துவிடும். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டுக் காட்டியது இதைத்தான்: அந்த எண் மாறினால் ஓட்டத்தின் குணமே மாறிவிடும். பெரிய அறையில் கொந்தளித்துக் கலக்கும் காற்று, பொம்மை அறையில் மெல்லிய இழையாக ஓடிப் பொய்யான நிம்மதியைத் தரும்.

கணினி இந்த இடத்தில்தான் உதவுகிறது. சி.எஃப்.டி. என்று நாங்கள் சொல்லும் முறையில், அறையை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறை, உந்தம், வெப்பம் ஆகியவற்றின் கணக்கைத் தீர்க்கிறோம். அறைக்காற்றுக்கு இந்த முறையை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் டென்மார்க்கின் பீட்டர் நீல்சன். 1974-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியது. இன்று ஓப்பன்ஃபோம் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஒரு மாணவர்கூட இதைச் செய்துவிடலாம். அதனால்தான் எனக்கு அச்சம். நீலமும் பச்சையும் சிவப்புமாக வரும் அந்தப் படங்கள் கூட்டத்தில் இருப்பவர்களை உடனே நம்பவைத்துவிடுகின்றன. கட்டங்களைப் பாதி அளவாக்கி மீண்டும் ஓட்டியபோது விடை மாறியதா என்று ஒருவரும் கேட்பதில்லை. டிஃப்யூசரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்று எந்தக் கோணத்தில் வெளிவருகிறது என்பதை எப்படிக் கொடுத்தீர்கள் என்றும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் பிழைகளில் பெரும்பகுதி அந்த இரண்டாவது கேள்வியில் ஒளிந்திருக்கிறது. டிஃப்யூசரை வெறும் ஓட்டையாக வரைந்து, அதில் நேர்கீழாகக் காற்று வருவதாகக் கணினிக்குச் சொல்லிவிட்டால், கூரையை ஒட்டி ஓடும் காற்று படத்தில் வரவே வராது. நான் தொடக்கத்தில் சொன்ன ஆய்வகத்துக்கும் கணினிப் படங்கள் இருந்தன. அவை அழகாகவே இருந்தன.

ஆனாலும் கணினியை நான் ஒதுக்குவதில்லை. அதற்கு முடிவுசொல்லும் இடத்தைத் தருவதில்லை, அவ்வளவே. பன்னிரண்டு அமைப்புகளில் எட்டு உதவாது என்று ஒரு வாரத்தில் சொல்ல அதனால் முடியும். பன்னிரண்டு மாதிரி அறைகளைக் கட்ட யாராலும் முடியாது. மீந்த நான்கில் இரண்டைப் பலகையில் கட்டி, புகையாலும் வாயுவாலும் சோதித்து, அங்கே கிடைத்த வேகங்களைக் கணினியின் வேகங்களோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும்போதுதான் அந்தக் கணினி மாதிரியை நம்பி மற்ற அறைகளுக்கும் பயன்படுத்தலாம் என்ற துணிவு எனக்கு வருகிறது.

அறைக்குள் நடப்பதைவிட அறைகளுக்கு இடையே நடப்பது இன்னும் நுட்பமானது. ஆய்வகத்தை, அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் வைப்பார்கள், காற்று எப்போதும் உள்நோக்கியே போக வேண்டும் என்பதற்காக. நோய்க்கிருமிகளைக் கையாளும் இடங்களில் 12.5 பாஸ்கல் என்ற அழுத்த வேறுபாட்டை வடிவமைப்பில் அடிக்கடி காணலாம். இரண்டு சதுர மீட்டர் கதவின் மேல் அது இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான விசை. மூடிய கதவில் அது நன்றாகவே வேலை செய்கிறது. கதவைத் திறந்த கணத்தில் இருபுறமும் அழுத்தம் ஒன்றாகிவிடுகிறது. வீசித் திறக்கும் கதவே ஒரு விசிறியைப் போலக் காற்றைத் தள்ளுகிறது. நடந்து வெளியேறுபவர் தம் முதுகுக்குப் பின்னால் ஒரு மூட்டைக் காற்றை இழுத்துக்கொண்டு போகிறார். இரண்டு அறைகளின் வெப்பநிலை வேறாக இருந்தால், குளிர்காற்று கதவின் கீழ்ப்பாதி வழியாக ஒரு பக்கமும் வெப்பக்காற்று மேற்பாதி வழியாக மறுபக்கமும் ஒரே நேரத்தில் போவதைப் புகையில் தெளிவாகப் பார்க்கலாம். இரு கதவுகளுக்கு நடுவே இடையறை ஒன்று ஏன் தேவை, அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அப்படிப் பார்த்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு கட்டடம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி. 1978 கோடையில், ஜேனட் பார்க்கர் என்ற நாற்பது வயது மருத்துவப் புகைப்படக் கலைஞர் அங்கே பெரியம்மையால் தாக்கப்பட்டு, செப்டம்பர் 11 அன்று இறந்தார். இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை அதற்கு முந்தைய ஆண்டே சோமாலியாவில் முடிந்திருந்தது. உலகில் அந்நோயால் இறந்த கடைசி மனிதர் அவரே. அவர் பணிபுரிந்த இடத்துக்குக் கீழ்த்தளத்தில் பெரியம்மைக் கிருமியை ஆராயும் ஆய்வகம் இருந்தது. பேராசிரியர் ஷூட்டர் தலைமையிலான விசாரணைக் குழு, தளங்களை இணைத்த ஒரு குழாய்வழிப் பாதை மூலம் கிருமி மேலே போயிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் மீது தொடுத்த வழக்கில் நீதிமன்றம் குற்றம் நிறுவப்படவில்லை என்று தீர்த்தது. அந்தக் காற்றுப் பாதையைப் பின்னால் வந்த வல்லுநர்கள் பலரும் ஐயுற்றார்கள். அந்த ஆய்வகத்தின் தலைவர் ஹென்றி பெட்சன், பார்க்கர் இறப்பதற்குச் சில நாள் முன்பே தம் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என்னை வருத்துவது ஒன்றுண்டு: கீழ்த்தளத்துக் காற்று மேல்தளத்தில் எங்கே வந்து சேர்கிறது என்ற கேள்வியை ஒரு மரணத்துக்குப் பிறகு கேட்க நேர்ந்தது, அதற்கு அப்போது கிடைத்த விடையும் யாவரும் ஏற்கும்படி அமையவில்லை.

வெளியேற்றிய காற்று மாடிக்கு மேலே போனதும் கதை முடிந்துவிட்டதாக எண்ணுவதும் அதே வகைத் தவறு. காற்று ஒரு கட்டடத்தின் மேல் மோதிக் கடக்கும்போது, கூரையின் மேலும் கட்டடத்தின் பின்புறத்திலும் சுழலும் பகுதிகள் உருவாகின்றன. குட்டையான புகைபோக்கி அந்தச் சுழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், ஃபியூம் ஹூட் வெளியே அனுப்பிய ஆவி கூரையிலேயே சுற்றி, அடுத்துள்ள காற்று உள்ளிழுப்பு வாய் வழியாக மீண்டும் கட்டடத்துக்குள் நுழையும். கூரையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் உயரம், வெளியேறும் வேகம் நொடிக்கு 15 மீட்டர் அளவு என்பவை அமெரிக்க வழிகாட்டு அளவுகள். அவை தொடக்கம் மட்டுமே. நம் ஊரில் மழைக்குப் பயந்து புகைபோக்கியின் உச்சியில் தொப்பியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். மேலே பாய வேண்டிய காற்றைக் கூரைக்கே திருப்பி அனுப்புவதைத் தவிர அந்தத் தொப்பி வேறெதுவும் செய்வதில்லை. விசிறி ஓடும்போது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எழும் காற்றை மீறி மழை இறங்காது. நிறுத்தியிருக்கும்போது இறங்கும் நீருக்குக் குழாயின் அடியில் ஒரு வடிகால் போதும்.

இதைக் கட்டுமானத்துக்கு முன் சோதிக்க, சிறு மாதிரிகளின் மேல் காற்றை ஓடவிடும் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. அறைக்காற்றுக்கு உதவாத சிறு மாதிரி இங்கே நன்றாகவே உதவுகிறது. கூர்மையான விளிம்புகளைக் கொண்ட கட்டடங்களைச் சுற்றி ஓடும் காற்று எங்கே பிரியும் என்பதை விளிம்புகளே தீர்மானித்துவிடுவதால், ரெனால்ட்ஸ் எண் குறைவதால் பெரிய பிழை வருவதில்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜாக் செர்மாக் அமைத்த காற்றுச் சுரங்கத்தில்தான் 1960களில் நியூயார்க் உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்கான சோதனைகள் நடந்தன; நிலத்தை ஒட்டி வீசும் காற்றின் இயல்பைச் சுரங்கத்துக்குள் உருவாக்கும் கலை அங்கே வளர்ந்தது. இருநூறில் ஒரு பங்கு முதல் ஐந்நூறில் ஒரு பங்கு வரையிலான அளவில் கட்டடத்தையும் அதைச் சுற்றிய தெருக்களையும் ஒரு வட்ட மேடையில் செய்து வைத்து, மேடையைப் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பி, சிறு புகைபோக்கிகளிலிருந்து தடங்காட்டி வாயுவை விட்டு, உள்ளிழுப்பு வாய்கள் இருக்கும் இடங்களில் நுண்குழாய்களால் உறிஞ்சி அளப்பார்கள். சென்னையில் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் இத்தகைய சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெரும்பகுதி வேலை கட்டடங்களின் மேல் காற்று தரும் சுமையைப் பற்றியது.

சென்னைக்கு இது கூடுதலாகத் தேவை என்பது என் கருத்து. தென்மேற்குப் பருவத்தில் காலையில் நிலத்திலிருந்து வீசும் மேற்குக் காற்று, பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்து “காற்று பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்” என்று உள்ளிழுப்பு வாயை வைத்தால், ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் அது தவறான பக்கத்தில் இருக்கும். கரைப்பான் வாடை பிற்பகலில் வருகிறது என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் நான் டிஃப்யூசரைப் பார்த்த பின் மாடிக்கும் போய்ப் பார்க்கிறேன்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது, ஏனெனில் மறுப்பு எப்போதும் அங்கிருந்துதான் வருகிறது. ஒன்றரை மீட்டர் அகலமும் 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ள திறப்பின் வழியே நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் காற்று போனால், ஒரு பெட்டி மணிக்குச் சுமார் 1,200 கன மீட்டர் குளிர்ந்த காற்றை வெளியே எறிகிறது. அதை மறுசுழற்சி செய்ய முடியாது. சென்னையின் உச்சக் கோடையில் அவ்வளவு வெளிக்காற்றைக் குளிர்வித்து ஈரம் நீக்க ஐந்து டன்னுக்கும் மேல் குளிர்திறன் வேண்டும். வீடுகளில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி மூன்றுக்கும் மேற்பட்டவற்றின் வேலை அது, ஒரே ஒரு பெட்டிக்காக. சோதனை செய்யாத வடிவமைப்பாளர் ஐயத்தைக் காற்றின் அளவால் ஈடுகட்டுகிறார். அறைக்காற்று மணிக்கு எட்டுமுறை மாறினால் போதும் என்ற இடத்தில் பன்னிரண்டு என்று எழுதிவிடுகிறார். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். மாதிரி அறையில் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே பொம்மையின் மூக்கருகே எந்த வேறுபாடும் இல்லை என்று அளந்து காட்டிய பிறகுதான், அந்தப் பதினான்கு பெட்டி ஆய்வகத்தில் எட்டு என்று எழுத எனக்கு மனம் வந்தது. மாதிரி அறைக்கு ஆன செலவைப் பற்றி அதன்பின் அந்த வாடிக்கையாளர் பேசவில்லை.

கிடங்கில் கடைசி வாரம் வாயுச் சோதனை. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு கரியமில வாயுவைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும் என்பதால், புகையால் தெளிவாகிவிட்ட எதற்கும் அதைச் செலவிடக் கூடாது என்று முடிவு செய்து, இறுதி அமைப்புக்கு மட்டும் வைத்திருந்தோம். மூன்று இடங்களிலும் அளவு 0.02 பிபிஎம்-க்குக் கீழே இருந்தது. எல்லாரும் கருவிகளை மூட்டை கட்டத் தொடங்கியபோது, அந்த ஆய்வகத்தில் வேலை செய்யப்போகும் மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “நாங்க இவ்வளவு காலியா ஒருநாளும் வச்சிருக்க மாட்டோம் சார்” என்றார். அவரையே அடுக்கச் சொன்னோம். குப்பிகள், ஒரு வெப்பத்தட்டு, சுழல் ஆவியாக்கி ஒன்று, அதன் பின்னால் பிசின் டப்பாக்கள். மீண்டும் வாயுவை விட்டோம். நடு இடத்தில் அளவு 0.14-க்கு ஏறியது. ஆவியாக்கியை வாசலிலிருந்து 15 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, அடியில் காற்று போகும்படி ஐந்து சென்டிமீட்டர் கால்களின் மேல் ஏற்றியதும் 0.03-க்கு இறங்கியது. ஆனால் அப்படித் தள்ளியபோது பின்னால் டப்பாக்களுக்கு இடமில்லை.

எனவே அன்று மாலையே பெட்டியின் ஆழத்தை ஓரளவு கூட்டி, டப்பாக்களுக்கெனப் பக்கத்தில் காற்று இழுக்கும் அலமாரி ஒன்றைச் சேர்த்து வரைபடத்தைத் திருத்தினோம். வாசலிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி மேசையின் மேல் ஒரு மஞ்சள் கோடு வேண்டும் என்று அந்த ஆராய்ச்சியாளர் கேட்டுக்கொண்டார்; பதினான்கு பெட்டிகளுக்கும் அதைக் குறித்தோம். தளத்தில் அப்போது அடித்தளத்துக்கு மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.